இபார்ரா போன நேரம்

ஆர்லோவின் ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது. மற்றக் கை போவதற்குள் அந்தக் காலிக் கோட்டுக்கையை ஜோலீன் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் போகலாம். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் போன் பண்ணினப்போ அப்பா உயிரோட இருந்தாரா, இல்லையா?"

ஆர்லோ சுவரில் மாட்டியிருந்த மான் படத்தைப் பார்த்தார். மெர்வ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிட்டோ பார்ப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் காகிதக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி பிடித்தார்.

சவ அடக்க இல்லத்தின் பின்னறை அது; மூவரும் அவள் அப்பாவின் பழைய சிநேகிதர்கள். முன்னறையில் வென்டல் ஹ்ருஷ்கா, வயது எழுபத்து நான்கு, ஜோலீனின் அப்பா, நீலச் சூட்டில் படுத்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, தாது ஏற்றி வந்த கப்பல்களைக் காலி செய்தவர். ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து பார்த்து, ஜோலீனின் கையைப் பிடித்து, அவர் எவ்வளவு நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகும் நேரம் நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. அடக்கம் நாளைக் காலை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜோலீனுக்கு எதுவும் சரியாக உள்ளே போகவில்லை. அழுகை வரவில்லை. இரண்டு நாளாக இரண்டு நிறத்தில் காலுறை போட்டிருந்தாள். அடக்க இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அப்பாவின் பெயரை எழுதிவிட்டாள். இல்லத்துக்காரர் வேறு படிவம் எடுத்துக் கொடுத்தார். இப்படி நடப்பதுண்டு என்றார். போன மாதம் ஒருவர் தன் நாயின் பெயரை எழுதினாராம்.

"உயிரோடதான் இருந்தான்," என்றார் ஆர்லோ. "நான்தானே போனை அவன் காதுல வச்சுப் பிடிச்சேன். மூச்சு விட்டான். லேசா சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."

ஆர்லோ பிக்கன்ஸ் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். யாரையும் நோகடிக்காமல் பேசுவார். அதனாலேயே அவர் சொல்வதை எங்கள் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை.

"சிரிச்சானா," என்றார் டிட்டோ. "வென்டலா?"

"லேசான்னு சொன்னேன்."

"அவன் கல்யாண போட்டோலயே சிரிக்கலையேடா."

ஜோலீன் கோட்டுக்கையை விடவில்லை. "எனக்கு ஆறுதல் வேணாம், ஆர்லோ. உள்ள ஒரு மணி நேரமா அதைத்தான் வாங்கிட்டிருந்தேன். நடந்ததைச் சொல்லுங்க."

நடந்தது என்று கேட்டால் அந்த மூவருக்கும் சொல்லத் தெரிந்த வழி ஒன்றுதான். அரிசோனா வெயிலில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கையைக் காலை நீட்டி மடக்கத் தொடங்கும் பிப்ரவரியில், எங்கள் ஏரிக்கரையில் தபால் பெட்டிகளைப் பனிக்குள் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க, காலை ஒன்பதரைக்கு, வெர்னாவின் டோனட் கடையில் ஜன்னலோர மேசையில் இவர்கள் மூவரும் வென்டலுமாக நான்கு பேர் உட்கார்ந்து ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு அப்பால் இருக்கும் அணியை நடத்துவார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது. அணியின் சொந்தக்காரர் இவர்களைக் கேட்பதில்லை. அதனால்தான் அணி எழுபத்து சொச்சம் வருடமாகக் கோப்பையைப் பார்க்கவில்லை என்பது மேசையின் ஒருமித்த கருத்து.

மேசைக்குச் சில வழக்கங்கள் இருந்தன. எந்த ஆட்டக்காரனுக்காவது அடிபட்ட செய்தி வந்தால், அது எங்கே என்று தன் உடம்பில் தொட்டுக் காட்ட வேண்டும். முழங்கால் என்றால் முழங்கால், விலா என்றால் விலா. போன வருடம் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்ச்சர் ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே சங்கடமான இடத்தில் தசை பிடித்துக்கொண்டபோது, நான்கு கிழவர்களும் மேசைக்கடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பாதிரியார் டோனட் வாங்காமலே போய்விட்டார்.

இன்னொரு வழக்கம் வென்டலுக்கு மட்டும் உரியது. இபார்ராவை டிரேட் பண்ண வேண்டும், வேறு அணிக்குக் கொடுத்து ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், கண்ணை மூடிக்கொள்வார். சொன்னவர் வாபஸ் வாங்கும்வரை திறக்க மாட்டார், பேச மாட்டார். தொடக்கூடாது, கெஞ்சக்கூடாது. இபார்ரா பதினோரு வருடமாக எங்கள் ஷார்ட்ஸ்டாப், மைதானத்தின் நடுவில் நின்று வரும் பந்தையெல்லாம் மறிப்பவன். பெரிய அடிக்காரன் இல்லை. ஆனால் வலிக்கிறது என்று ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. வென்டலுக்கு அது போதும். ஆறு வருடத்துக்கு முன் இபார்ரா போகப்போகிறான் என்று பத்திரிகையில் வதந்தி வந்தபோது, மூன்று வாரம் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. அப்போது உயிரோடிருந்த அவர் மனைவி, கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நிம்மதியான மூன்று வாரத்தைப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேரத்தோட சொல்லணும்னா நான் சொல்றேன்," என்றார் மெர்வ். மெர்வின் தோத் தபால்காரராக இருந்தவர். அவர் தெரு திரும்புவதைப் பார்த்துத்தான் தேவாலயக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அவர் காய்ச்சலில் படுத்த வாரம் ஊர் முழுக்க இருபது நிமிடம் பின்தங்கிவிட்டது. "ஒன்பது இருபத்தெட்டுக்கு வந்தான். கோபமா இருந்தான்."

"என்மேலதான்," என்றாள் ஜோலீன்.

"அதைச் சொல்லல. தொப்பியைக் கழட்டல, அவ்வளவுதான்."

அவள்மேல்தான். அன்று பதினொரு மணிக்கு இதய மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. அதற்காக ஜோலீன் குடிநீர் அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தாள். காலையில் சமையலறையில் நின்றுகொண்டே அப்பா சொன்னார்: கோல்பர்னின் ஸ்கேன் முடிவு இன்றைக்கு வருகிறது, மருத்துவர் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார். கோல்பர்ன் இடது கையால் பந்து எறியும் பிட்சர், இருபத்து மூன்று வயதுப் பையன், அணியின் மொத்த நம்பிக்கை. அவன் முழங்கை வலிக்கிறது என்று ஒரு வாரமாகச் செய்தி. "முன்னபின்ன பாக்காத ஒருத்தன் முழங்கைக்காக அழற, உன் நெஞ்சைப் பத்திக் கவலையில்லையாப்பா?" என்று கேட்டாள் ஜோலீன். அவர் தொப்பியைத் தேடினார். "நாளைக்கே நீ செத்துக் கிடந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்," என்றாள். அவர் தொப்பி கிடைத்துப் போய்விட்டார்.

நாளைவரை அவர் காத்திருக்கவில்லை. அவள் ஆச்சரியம் மூன்றாம் நாளாகியும் முடியவில்லை.

"பத்து மணி வரைக்கும் ரெண்டாவது கேட்ச்சரைப் பத்திப் பேசினோம்," என்றார் மெர்வ். "பத்து ரெண்டுக்கு ரேடியோல கோல்பர்ன் விஷயம் வந்துச்சு. முழங்கைல ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன், வருஷம் முழுக்க ஆட மாட்டான்."

"நாசமாப் போச்சுன்னு வென்டல் சொன்னான்," என்றார் டிட்டோ. "நாங்க எல்லாரும் இடது கையைப் பிடிச்சுக்கிட்டோம். இப்படி." காபிக் கோப்பையை வைத்துவிட்டுத் தன் இடது முழங்கையை அழுத்திக் காட்டினார். டிட்டோ சாலினாஸ் ஆறு வயதில் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்தவர், எஃகு ஆலையில் வெல்டர். எதையும் செய்து காட்டாமல் அவரால் சொல்ல முடியாது. "வென்டல் மட்டும் இங்கேர்ந்து பிடிச்சிருந்தான்." கை தோளுக்கு ஏறியது. "தோள்லேர்ந்து சுண்டு விரல் வரைக்கும் தடவித் தடவி."

"டிட்டோ," என்றார் ஆர்லோ.

"என்னடா?"

"வாயை மூடு."

டிட்டோவின் கை தோளிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அவருக்கே அது தெரிந்தது. மெதுவாகக் கையைக் கீழே இறக்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டார்.

ஜோலீன் கோட்டுக்கையை விட்டாள். "தோள்லேர்ந்தா?"

 காபிப் பாத்திரம் ஒருமுறை கொதித்து அடங்கியது.

"அவர் எதுவும் சொல்லலையா?"

"இல்லை மிஹா," என்றார் டிட்டோ. மகளே என்று அவர் அவளை ஐந்து வயதிலிருந்து அழைப்பது இப்படித்தான். "வேர்த்திருந்தான். நமக்கெல்லாம்தான் வேர்த்துச்சு. கோல்பர்ன் இல்லாம இந்த வருஷம் நூறு ஆட்டம் தோக்கறது நிச்சயம்."

"நான் திருத்தினேன்," என்றார் மெர்வ்.

"என்ன?"

"வென்டலை. அங்க இல்லடா, முழங்கைன்னு சொன்னாங்க, நீ தோளைப் பிடிக்கிறேன்னு." மெர்வ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. "உடனே கையைக் கீழ இறக்கி முழங்கைல வச்சுக்கிட்டான். தப்பாக் காட்டறது அவனுக்குப் பிடிக்காது."

ஜோலீன் அங்கிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நான்கு பேர் ஒரு மேசையில் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவருக்கு மட்டும் நிஜமாக வலிக்கிறது. அவரும் மற்றவர்களைப் போலவே பிடித்துக்கொண்டிருக்கிறார். கடையின் நடுவில், பட்டப்பகலில், அதைவிட நல்ல மறைவிடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

"அப்புறம்?" என்றாள்.

"வேணாம் கண்ணு," என்றார் ஆர்லோ.

"அப்புறம்?"

"பிட்சர் போயிட்டான், இன்னொருத்தன் வேணுமே," என்றார் டிட்டோ. குரல் இறங்கியிருந்தது. "இபார்ராவைக் குடுத்தா ரெண்டு பேரை வாங்கலாம்னு நான் சொன்னேன். வம்புக்குத்தான் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கிட்டான்."

"மணி பத்து முப்பத்தொண்ணு," என்றார் மெர்வ்.

"நான் வாபஸ் வாங்கியிருக்கணும். வாங்கல. இன்னும் ஏத்திவிட்டேன். கேட்ச்சரையும் சேர்த்துக் குடுப்போம்னேன். பாதி விலைக்கே குடுத்துடுவோம்னேன். அவன் அசையல. என்னைக்கும்விட இன்னைக்கு வீம்பா இருக்கான்னு நினைச்சேன்."

ஜோலீன் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அந்த ஒரு வரியை மூன்று நாளில் எத்தனை முறை பார்த்திருப்பாளோ. "நான் கூப்பிட்டது பத்து ஐம்பத்தொண்ணு. மூணு நிமிஷம் நாற்பது விநாடி."

அன்று அவள் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்கும் பழக்கமில்லை, அதைக் காதால் கேட்டு அவருக்கும் பழக்கமில்லை. ஆர்லோதான் அப்பாவின் மடக்குப் போனைத் திறந்தார். "அவன் கண்ணை மூடிட்டான், பேச மாட்டான். காதுல வைக்கிறேன், நீ சொல்லு," என்றார். அதிலும் புதிதாக ஒன்றுமில்லை. காதில் வைத்ததும் ஜோலீன் சொன்னாள். காலையில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். மருத்துவரை மூன்று மணிக்கு மாற்றிவிட்டேன், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். கோல்பர்னுக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்டாள். நாற்பத்தாறு வயதில் ஓர் ஆட்டக்காரனைப் பற்றி அவள் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி அது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. காத்திருந்தாள். "ஒரு வார்த்தை சொல்லேன்ப்பா," என்றாள். பிறகு, "சரி, பேசாத. நீ திருந்தவே மாட்ட," என்று துண்டித்தாள்.

அவர் உயிரோடிருந்தால் மன்னிப்பு, திட்டு இரண்டையும் கேட்டிருப்பார். இல்லையென்றால் இரண்டையும் கேட்கவில்லை. எது நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எது நடந்தது என்று தெரிந்தால் போதும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு கேட்டுச்சு," என்றாள். "நானே கேட்டேன்."

"கேட்டுச்சில்ல," என்றார் ஆர்லோ வேகமாக. "அதைத்தான் நானும் சொல்றேன்."

மெர்வ் தொண்டையைச் செருமினார். "ஆர்லோ, இபார்ரா எப்போ போனான்?"

ஆர்லோ மறுபடி மான் படத்தைப் பார்த்தார்.

"ரேடியோல எப்போ சொன்னாங்க?"

"இப்போ எதுக்குடா அது?"

"பத்து நாற்பத்து நாலு," என்றார் மெர்வ். ஜோலீன் பக்கம் திரும்பினார். "நாங்க வம்புக்குப் பேசிட்டிருக்கும்போதே நிஜமாவே வந்துடுச்சு. மெத்தை விளம்பரத்தை நடுவுல நிறுத்திச் சொன்னாங்க. இபார்ராவைக் குடுத்துட்டாங்க. சியாட்டிலுக்கு."

"அது எனக்குத் தெரியாது," என்றாள் ஜோலீன். மூன்று நாளாக அவள் செய்தி எதுவும் பார்க்கவில்லை.

"டிட்டோ தொப்பியைத் தூக்கி அடிச்சான், அது வெர்னாவோட மாவுச் சட்டில விழுந்துச்சு. என் காபி மொத்தமும் என் மடில. ஆர்லோ கெட்ட வார்த்தை சொன்னான்."

"ஆர்லோவா?"

"ரெண்டு," என்றார் டிட்டோ.

"கடைல இருந்த எல்லாரும் எழுந்துட்டாங்க. இந்த ஊரே இபார்ராவை வளர்த்த ஊர் மாதிரிதான்." மெர்வ் நிறுத்தினார். தபாலைத் தவறான வீட்டில் போட்டுவிட்டு, பெட்டியைத் திறக்க முடியாமல் நிற்பவர்போல் நின்றார். "வென்டல் கண்ணைத் திறக்கல."

டிட்டோ பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"வீம்புன்னு நினைச்சோம்," என்றார் டிட்டோ. "இல்ல, நாங்க நினைக்கவே இல்ல. கத்திட்டிருந்தோம். இப்பத்தான், மெர்வ் சொல்றப்பத்தான் தோணுது. இபார்ரா போனான்னு காதுல விழுந்து அந்த ஆள் அசையாம இருந்தான்னா," என்று தொடங்கியவர், முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனைக்காரர்கள் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அதற்குமேல் தெரியவில்லை. பேஸ்பால் என்றாலே சேனலை மாற்றும் ஜோலீனுக்கு, இந்தச் சாட்சியத்தில் மறுக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. வெறும் பேச்சுக்குக் கண்ணை மூடுகிறவர், இபார்ரா நிஜமாகவே போனால் திறந்து கத்தியிருப்பார். அவள் அப்பாவை அவளுக்குத் தெரியும்.

"பதினொண்ணு ஆறுக்கு வெர்னா காபி ஊத்த வந்தா," என்றார் மெர்வ். "கோப்பை அப்படியே இருந்துச்சு. அவதான் தொட்டுப் பார்த்தா."

"அப்போ அந்த மூச்சு?"

ஆர்லோ கோட்டின் இரண்டாவது கையையும் போட்டுக்கொண்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார், ஒன்று மாறிப்போனது. "குனிஞ்சு பிடிச்சிருந்தேன்ல," என்றார். "என் முகம் பக்கத்துல இருந்துச்சு. எனக்கு ஆஸ்துமா."

ஜோலீன் அவரைப் பார்த்தாள். ஏதோ பெரிய தூரத்தில் நிற்பவரைப் பார்ப்பதுபோல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"அப்போ நான் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"அந்தப் பழைய போன். சத்தமா பேசும்."

"எல்லாத்தையுமா?"

"கேக்கக் கூடாதுன்னுதான் பார்த்தேன், ஜோ."

"கடைசியா சொன்னதும்?"

"அதுவும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆர்லோ மாறிப்போன பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஆனா முதல்ல சொன்னது," என்றார், "ரொம்ப நல்லா சொன்ன. என் பிள்ளைங்க யாரும் அப்படிச் சொன்னதில்ல."

இந்த ஒருமுறை அவர் சொன்னதை அவள் நம்பினாள்.

இல்லத்துக்காரர் எட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பெட்டியை மூடிவிடலாமா, அதற்குமுன் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டுமா என்று கேட்டார். இருக்கிறேன் என்றாள். கதவுவரை போனபோது டிட்டோ கூப்பிட்டார்.

"மிஹா. நாங்க மூணு பேரும் நேத்துலேர்ந்து ஒரு விஷயத்துல அடிச்சுக்கிறோம். அவன்கிட்ட சொல்லணுமா, வேணாமா? இபார்ரா போனதை. தெரியாமப் போனதே நல்லதுன்னு நான் சொல்றேன். மெர்வ், ஒரு மனுஷனுக்குத் தபாலை மறைக்கக் கூடாதுங்கிறான்."

"ஆர்லோ?"

"ஆர்லோ ரெண்டுமே சரிங்கிறான்."

"பதிலுக்கு யாரைக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஜோலீன்.

மூன்று கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது கைப் பிட்சர் ஒருத்தன், இருபத்தேழு வயது, என்றார் மெர்வ். கேட்ச்சர் ஒருத்தன், பத்தொன்பது வயது, என்றார் டிட்டோ, இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"நல்லவங்களா?"

"யாருக்குத் தெரியும்," என்றார் மெர்வ். "ஜூன்ல தெரியும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னறையில் மூவரும் நின்றபடியே இருந்தார்கள். கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. நடுவில் நின்றது, காத்திருந்தது, மறுபடி தொடர்ந்தது. ஆர்லோ போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல், அதன் பக்கத்தில் நின்றார்.

வெளியே வந்தபோது அவள் கோட்டைப் போட்டிருந்தாள்.  டிட்டோ கதவைத் திறந்து பிடித்தார். ஐந்து மணிதான் ஆகியிருந்தது, ஏரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மதியத்திலிருந்து பெய்த பனிமழை வண்டிகளின்மேல் விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. மூவரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

ஜோலீன் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஸ்டீயரிங் பக்கக் கண்ணாடியில் பனியைச் சுரண்டினாள். வீடு நான்கு தெரு தள்ளித்தான். பார்த்து ஓட்ட அவ்வளவு போதும். கொஞ்ச நேரம் சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, அப்பா எப்போதும் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியையும் சுரண்டத் தொடங்கினாள். மேலிருந்து கீழாக, மூலைகளில் விரலை விட்டு, பக்கவாட்டு ஜன்னலையும் சேர்த்து, அந்த இருக்கையிலிருந்து சாலை முழுதாகத் தெரியும்வரை.